பழைய வண்டியும் பாஸ்கல் விதியும்

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்

வகுப்பறையில் கற்கும் விதிகள் தேர்வுத்தாளோடு முடிந்துவிடுவதில்லை. கோடை விடுமுறையில் என் தாய்மாமாவுடன் சேர்ந்து, பல ஆண்டுகள் கொட்டகையில் கிடந்த ஜீப் வகைப் பிக்கப் வண்டியைச் செப்பனிட்டபோது இவ்வுண்மையை நன்கு உணர்ந்தேன்.

வண்டியை எடைக்குப் போட்டுவிடலாம் என்பது வீட்டாரின் எண்ணம். சிறுமலைத் தோட்டத்து வாழைத்தார்களைத் திண்டுக்கல்லுக்குக் கொண்டுசெல்ல வாடகை கொடுத்தே மாமாவுக்கு மாளவில்லை. "ஓடுறது பெரிசில்ல மாப்ளே, நிக்கணும். மலை இறங்குற வண்டிக்கு அதுதான் உசுரு" என்பார் அவர்.

முதலில் துருவைப் பார்த்தோம். இரும்புடன் நீரும் ஆக்சிஜனும் சேரும்போது துரு உண்டாகிறது. அது இரும்பைவிட அதிக இடத்தை அடைப்பதால் உப்பிப் பெயர்ந்து, அடியிலுள்ள இரும்பை மீண்டும் காற்றுக்குக் காட்டிவிடுகிறது. மேலே பெயின்ட் அடித்து மறைத்தால் உள்ளே வளரும். எனவே கம்பி பிரஷால் சுரண்டி, உப்புத்தாளால் தேய்த்து, வெறும் இரும்பு தெரிந்த பின்னரே ரெட் ஆக்சைடு பூசினோம். அரித்துப்போன இடங்களை வெட்டியெடுத்துப் புதுத் தகடு வைத்துப் பற்றவைத்தோம்.

அடுத்தது பிரேக். அடைபட்ட திரவத்தில் ஓரிடத்தில் தரும் அழுத்தம் எல்லாப் பக்கமும் சமமாகப் பரவும் என்பது பாஸ்கல் விதி. மாஸ்டர் சிலிண்டரைவிட வீல் சிலிண்டரின் பரப்பு இருமடங்கானால் விசையும் இருமடங்காகும். ஆனால் திரவத்தில் காற்று புகுந்தால், மிதிக்கும் விசை அக்காற்றை அமுக்குவதிலேயே வீணாகும். நான்கு சக்கரங்களுக்கும் ஒரே மாஸ்டர் சிலிண்டர் உள்ள பழைய வண்டிகளில் ஓரிடத்தில் கசிந்தாலும் பிரேக் முழுவதும் போய்விடும்.

இனி ஒரு கணக்கு. 2,000 கிலோ எடையுள்ள வண்டி 1,000 மீட்டர் உயரம் இறங்கினால் இழக்கும் நிலையாற்றல் சுமார் 196 லட்சம் ஜூல். சுமார் 65 லிட்டர் நீரை 30 டிகிரியிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவர இது போதும். இதில் பெரும்பகுதி பிரேக்கில் வெப்பமாக மாறினால் என்ன ஆகும்?

பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையது. டாட் 3 வகைக்குப் புதிதாக இருக்கையில் குறைந்தது 205 டிகிரி செல்சியசும், ஈரம் சேர்ந்தபின் 140 டிகிரியும் கொதிநிலையாக இருக்கவேண்டும் என்பது தரவிதி. கொதித்தால் ஆவிக்குமிழிகள் தோன்றும். காற்றுக்கு நேர்ந்த கதையே இங்கும் நேரும். ஆகவே பழைய ஆயிலை முழுவதும் வடித்து, ரப்பர் கப்புகளை மாற்றி, ஒவ்வொரு சக்கரமாகக் காற்றெடுத்தோம். பழைய லைனிங்கில் கல்நார் இருக்கக்கூடும். அதன் தூள் நுரையீரலுக்குக் கேடு என்பதால், ஊதாமல் ஈரத்துணியால் துடைத்தோம்.

"ஏறுற கியர்லயே இறங்கு" என்பது ஓட்டுநர்களின் பழைய மொழி. அப்போது எஞ்சினே ஆற்றலின் ஒரு பகுதியை வாங்கிக்கொண்டு பிரேக்கின் சுமையைக் குறைக்கிறது. மாமா இயற்பியல் படித்தவரல்லர். ஆயினும் அதன் பயனை அறிந்திருந்தார்.

இறுதியில் மாமா பெடலை அழுத்திப் பிடித்தார். ஒரு நிமிடம் கடந்தும் அது கீழே இறங்கவில்லை. அதன் பின்னரே அத்தை என்னை வண்டியில் ஏற அனுமதித்தார்.

மாணவ நண்பர்களே! நம் வீட்டுப் பெரியவர்களின் கைகளில் ஓர் ஆய்வுக்கூடமே இருக்கிறது. பாடநூலோடு அவர்கள் அருகே சென்று அமருங்கள். அவர்கள் "எப்படி" என்று காட்டுவார்கள்; "ஏன்" என்பதை நாம் அவர்களுக்குச் சொல்லலாம்.