கோவையிலிருந்து வாதாபி வரை: ஒரு கார்ப் பயணத்தைத் திட்டமிடுதல்

அன்புள்ள தம்பிக்கு,

குடும்பத்துடன் காரில் பல நாள் பயணம் செல்ல விரும்புவோர் பெரும்பாலும் பார்க்க வேண்டிய ஊர்களை முதலில் எழுதி, அவற்றுக்கிடையே உள்ள கிலோமீட்டர்களைக் கூட்டி, வந்த தொகையைக் கையிலுள்ள நாள்களால் வகுத்துவிட்டு, திட்டம் முடிந்துவிட்டதாகக் கருதுகின்றனர். கோயம்புத்தூரில் புறப்பட்டு மைசூரு, சிரவணபெளகொளா, பேளூர், ஹளேபீடு, ஹம்பி வழியாகப் பழைய வாதாபியாகிய பாதாமி வரை சென்று திரும்பும் பயணத்துக்கு அந்த முறை சிறிதும் பொருந்தாது. ஏனெனில் அவ்வழியில் ஒரு நிமிடத்தில் கடந்துவிடும் கிலோமீட்டரும் உண்டு, மூன்று நிமிடம் பிடிக்கும் கிலோமீட்டரும் உண்டு, இருட்டிய பிறகு நுழையவே முடியாத கிலோமீட்டரும் உண்டு. ஒவ்வொரு நாளும் சூரியன் மறையும்போது கார் எந்த ஊரில் நின்றிருக்க வேண்டும் என்பதை முதலில் முடிவு செய்து, அங்கிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டுக் காலையில் புறப்படும் நேரத்தைக் கண்டறிவதே இத்தகைய பயணத்துக்கு உரிய முறையாகும்.

முதல் நாளே இதற்குச் சான்றாக அமைகிறது. கோயம்புத்தூருக்கும் மைசூருக்கும் இடையே சத்தியமங்கலம், சாமராஜநகர் வழியாக ஏறத்தாழ 200 கி.மீ. தூரமே உள்ளது என்பதால், மதிய உணவை முடித்துக்கொண்டு கிளம்பினாலும் இரவுக்குள் சேர்ந்துவிடலாம் என்று தோன்றும். ஆனால் பண்ணாரியைத் தாண்டியவுடன் 27 கொண்டை ஊசி வளைவுகளைக் கொண்ட திம்பம் மலைப்பாதை தொடங்குகிறது. அப்பகுதி 2013ஆம் ஆண்டு முதல் சத்தியமங்கலம் புலிகள் காப்பகத்தைச் சேர்ந்தது. சென்னை உயர் நீதிமன்றம் 2022இல் பிறப்பித்த ஆணையைத் தொடர்ந்து அங்கே இரவுப் போக்குவரத்து கட்டுப்படுத்தப்பட்டுள்ளது. கனரக வாகனங்களுக்குத் தடை மாலையிலேயே தொடங்கிவிடுவதால், சோதனைச்சாவடி மூடப்படும் முன் மலையேறிவிட வேண்டும் என்று லாரிகள் பிற்பகலில் விரைகின்றன. அவற்றில் ஒன்று வளைவில் திரும்ப முடியாமல் நின்றுவிட்டாலும் பின்னால் வரும் அத்தனை வாகனங்களும் மணிக்கணக்கில் காத்திருக்க நேரும். மலைக்கு மேலே ஆசனூரை அடுத்த காராப்பள்ளம் பகுதியில் கரும்பு லாரிகளை எதிர்பார்த்துச் சாலையோரம் நிற்கும் யானைகளும் உண்டு. இவற்றையெல்லாம் எண்ணிப் பார்த்தால், காலை ஆறரை மணிக்குக் கோவையை விட்டுக் கிளம்பி முற்பகலிலேயே மலையைக் கடந்துவிடுவதே தகுந்தது என்பது விளங்கும். திரும்பும்போது ஊட்டி வழியாக வரலாம் என்று எண்ணுவோர், பந்திப்பூர்க் காட்டுச் சாலை 2009 முதல் இரவு 9 மணியிலிருந்து காலை 6 மணி வரை மூடப்படுவதையும், நீலகிரிக்குள் நுழைய 2024 மே மாதம் முதல் இ-பாஸ் எனும் இணையவழி முன்அனுமதி நடைமுறையில் உள்ளதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

நேரத்தைக் கணக்கிடுவதற்கு வரைபடச் செயலி காட்டும் மணிக்கணக்கு போதாது. அது காரைப் பற்றிய கணக்கேயன்றிக் காருக்குள் இருப்பவர்களைப் பற்றிய கணக்கன்று. முதியவர்களும் குழந்தைகளும் உடன் வரும் பயணத்தில், நிறுத்தங்களையும் சேர்த்து, நான்கு வழி நெடுஞ்சாலையில் மணிக்கு 60 கி.மீ., இருவழி மாநிலச் சாலையில் 40, மலைப்பாதையில் 20 என்று கொள்வது பெரும்பாலும் பிழையாகாது. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை கால் மணி நேரம் இறங்கி நிற்பது இக்கணக்குக்குள் அடங்கும். ஓட்டுபவருக்கு அந்த ஓய்வு விருப்பத்தைப் பொறுத்ததன்று. களைப்பு முற்றிய கண் சில நொடிகள் தானாக மூடிக்கொள்ளும்போது, அது மூடியதை மூளை உணர்வதே இல்லை.

இரண்டாம் நாள் சிரவணபெளகொளாவில் காலநேரமே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. கங்க மன்னர்களின் அமைச்சராகவும் படைத்தலைவராகவும் விளங்கிய சாமுண்டராயர் பத்தாம் நூற்றாண்டின் இறுதியில் எழுப்பிய, ஏறத்தாழ 57 அடி உயரமுள்ள கோமதேசுவரர் சிலை விந்தியகிரி எனும் பாறைக்குன்றின் உச்சியில் நிற்கிறது. காலணியைக் கீழே விட்டுவிட்டு 600க்கும் மேற்பட்ட படிகளை ஏற வேண்டியிருப்பதால், மைசூருவில் தாமதித்து நண்பகலில் அங்கே சேர்பவர்களின் உள்ளங்கால் பாறைச் சூட்டில் பொரிந்துவிடும். முதியவர்கள் உடன் வந்தால், மைசூரு அரண்மனையை முதல் நாள் மாலையோடு முடித்துக்கொண்டு, மறுநாள் விடிந்தவுடன் புறப்பட்டுவிட வேண்டும். சிலையின் அடியில் கன்னடத்தோடு தமிழிலும் கல்வெட்டு பொறிக்கப்பட்டிருப்பதால், தமிழ்க் குடும்பம் அங்கே சற்று நேரம் நின்று பார்ப்பது முறை.

பேளூரும் ஹளேபீடும் ஹாசன் நகரில் தங்கி ஒரே நாளில் பார்க்கத்தக்கவை. தலைக்காட்டில் சோழரை வென்ற போசள மன்னன் விஷ்ணுவர்த்தனன் 1117இல் எழுப்பிய சென்னகேசவர் கோயில் பேளூரில் உள்ளது. அதுவும் ஹளேபீட்டுக் கோயிலும் சோமநாதபுரக் கோயிலும் 2023இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்க்கப்பட்டன. பேளூரில் இன்றும் வழிபாடு நடப்பதால் கருவறை நண்பகலில் சாத்தப்படும். அங்கே காலையிலும் ஹளேபீட்டுக்குப் பிற்பகலிலும் செல்வது நல்லது.

இவ்வட்டாரச் சாலைகளில் டிசம்பர், ஜனவரி மாதங்களில் ஓர் இடர் உண்டு. உழவர்கள் கொள்ளு, கேழ்வரகு ஆகியவற்றின் தாள்களைக் கதிரடிப்பதற்காகச் சாலையின் மீதே பரப்பிவிடுகின்றனர். அதன்மேல் கார் ஏறும்போது தாள்கள் அச்சில் சுற்றிக்கொண்டு, சூடேறிய புகைபோக்கிக் குழாயில் பட்டுத் தீப்பற்றவும் கூடும். ஆகவே அதைக் கடந்தவுடன் வண்டியை ஓரமாக நிறுத்தி அடிப்பாகத்தைக் குனிந்து பார்த்துச் சுற்றியதை அகற்றிவிட வேண்டும். வண்ணம் பூசப்படாத வேகத்தடைகளும், பின்விளக்கில்லாமல் செல்லும் கரும்பு டிராக்டர்களும் வடக்கே பாகல்கோட்டை மாவட்டம் வரை தொடர்கின்றன. இருட்டுவதற்கு முன் ஊர் சேர வேண்டும் என்ற விதிக்கு இவையே வலுவான காரணங்கள்.

நான்காம் நாள் முழுவதும் பயணத்துக்கே உரியது. சித்ரதுர்காவை அடைந்து, அங்கிருந்து 50ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் ஹொசபேட்டைக்குச் செல்லும் அன்று வேறு எதையும் பார்க்கத் திட்டமிடக் கூடாது. மறுநாள் ஹம்பிக்கு ஒரு முழுப் பகல் தேவை; ஏறத்தாழ 40 சதுர கிலோமீட்டரில் பரவிக் கிடக்கும் விஜயநகரத் தலைநகரை இரண்டு மணி நேரத்தில் பார்த்துவிட்டதாகச் சொல்வோர் நுழைவாயிலைத்தான் பார்த்திருக்கின்றனர். விட்டலர் கோயிலுக்கு அருகில் சொந்த வாகனம் செல்ல முடியாது. காரை முன்னதாகவே நிறுத்திவிட்டு மின்கல வண்டியிலோ நடந்தோ செல்ல வேண்டியிருப்பதால், காலையில் முதல் வேலையாக அங்கே போய்விடுவது கூட்டத்தையும் வெயிலையும் ஒருசேரத் தவிர்க்கும்.

பாதாமி இப்பயணத்தின் இறுதி இலக்கு மட்டுமன்று, இப்பயணத்துக்கே காரணமும் ஆகும். பல்லவ மன்னன் முதலாம் நரசிம்மவர்மன் 642இல், சாளுக்கியரின் தலைநகராயிருந்த இந்நகரைக் கைப்பற்றி வாதாபி கொண்டான் என்று பெயர் பெற்றான். அவ்வெற்றியைக் கூறும் கல்வெட்டு ஊரிலுள்ள பாறையொன்றில் இன்றும் உள்ளது. ஒரு நூற்றாண்டுக்குப் பின் சாளுக்கிய மன்னன் இரண்டாம் விக்கிரமாதித்தன் பல்லவரின் காஞ்சியைக் கைப்பற்றியபோது கைலாசநாதர் கோயிலைச் சிதைக்காமல் விட்டதோடு, அதன் செல்வத்தைக் கோயிலுக்கே திருப்பித் தந்ததாகக் கன்னடக் கல்வெட்டும் பொறித்தான். அவ்வெற்றியின் நினைவாக அவன் அரசி லோகமாதேவி பாதாமியை அடுத்த பட்டடக்கல்லில் எழுப்பிய விருபாட்சர் கோயில், காஞ்சிக் கோயிலின் சாயலைத் தாங்கி நிற்கிறது. காஞ்சிபுரத்தை ஏற்கெனவே பார்த்த குழந்தை பட்டடக்கல்லில் அந்தச் சாயலைத் தானே கண்டுபிடித்துச் சொல்லும் வாய்ப்பைப் பெற வேண்டும்; எனவே புறப்படுவதற்கு முன் கைலாசநாதர் கோயிலின் படங்களையாவது வீட்டில் காட்டி வைப்பது பெரியோரின் கடமை. ஹொசபேட்டையிலிருந்து வரும் வழியில் ஐஹொளேயை முதலில் பார்த்துவிட்டுப் பாதாமியில் இரண்டு இரவுகள் தங்குவதும், மறுநாள் காலையில் பட்டடக்கல்லும் மாலையில் அகத்தியர் ஏரிக்கரையும் பார்ப்பதும் பொருத்தமாக அமையும்.

திரும்பும் வழியையே பெரும்பாலோர் அலட்சியமாகக் கருதுகின்றனர். பாதாமியிலிருந்து ஹுப்பள்ளி, பெங்களூரு, சேலம் வழியாகக் கோவை 800 கி.மீ.க்கும் அதிகமான தொலைவில் இருப்பதால், அதை ஒரே மூச்சில் கடக்க முயல்வது மற்ற எல்லா நாள்களிலும் காட்டிய கவனத்தையும் பயனற்றதாக்கிவிடும். அதற்கு இரண்டு நாள் ஒதுக்கி இடையில் ஓர் இரவு தங்க வேண்டும். தருமபுரிக்கும் சேலத்துக்கும் இடையே தொப்பூர்க் கணவாய் சேலத்தை நோக்கித் தொடர்ந்து இறங்குகிறது. அங்கே பிரேக் பிடிக்காத லாரிகளால் விபத்துகள் பலமுறை நேர்ந்துள்ளன. அவ்விறக்கத்தில் தாழ்ந்த கியரில் வண்டியைச் செலுத்தி, எஞ்சினின் இழுவையாலேயே வேகம் குறையுமாறு செய்ய வேண்டும். பிரேக்கை இடைவிடாமல் மிதித்துக்கொண்டே வந்தால் அது சூடேறித் தன் பிடிப்பை இழந்துவிடும்.

இவ்வாறு கணக்கிட்டால் ஒன்பது நாள்கள் ஆகின்றன. ஆறு நாள் விடுப்பே கிடைக்குமானால், ஒன்பது நாள் வழியை ஆறு நாளில் நெருக்கிச் செருகாமல், ஹாசனோடு திரும்பிவிடுவதே அறிவுடைமை; ஹம்பியும் பாதாமியும் வேறோர் ஆண்டுக்குக் காத்திருக்கும். மார்ச் முதல் மே வரை ஹம்பியின் பாறைகள் தாங்க முடியாத வெப்பத்தை உமிழும். டிசம்பர் இறுதி வாரத்தில் அறை கிடைப்பது அரிது. ஜனவரி பிற்பாதியிலிருந்து பிப்ரவரி நடுப்பகுதி வரை இவ்வழிக்கு மிகவும் ஏற்ற காலம்.

காரைப் பொறுத்தவரை, புறப்படுவதற்குப் பத்து நாள் முன்பே பட்டறையில் பிரேக், பேட்டரி, கூலன்ட், வைப்பர் ஆகியவற்றைச் சரிபார்த்துவிட்டால், மாற்றிய உதிரிபாகத்தில் குறை இருந்தாலும் அது ஊரிலேயே தெரிந்துவிடும். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று அச்சிடப்பட்டிருக்கும். முதல் இரண்டு இலக்கங்கள் வாரத்தையும் பின்னிரண்டு ஆண்டையும் குறிப்பதால், 3219 என்றிருந்தால் அந்த டயர் 2019ஆம் ஆண்டின் 32ஆம் வாரத்தில் செய்யப்பட்டது என்று பொருள். தடம் தேயாமல் இருந்தாலும் வயதேறிய ரப்பர் இறுகி வெடிப்பதால், இந்த எண்ணை ஸ்டெப்னியிலும் பார்ப்பது அவசியம். காற்றழுத்தத்தைக் காலையில் டயர் குளிர்ந்திருக்கும்போதே அளக்க வேண்டும்.

ஓட்டுநர் உரிமம், பதிவுச் சான்று, காப்பீடு, புகைச் சான்று ஆகிய நான்கையும் டிஜிலாக்கர் செயலியில் காட்டினால் சட்டப்படி போதும்; எனினும் சிக்னல் கிடைக்காத இடங்களுக்காக அச்சுப்படியும் உடன் இருக்க வேண்டும். வாடகைக்கு எடுக்கும் காராயின், கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்துகளைக் கொண்டதே தானே ஓட்டிச் செல்ல அனுமதிக்கப்பட்ட வாடகைக் கார். வெள்ளைப் பலகைச் சொந்தக் காரை வாடகைக்கு வாங்கிச் செல்வோருக்கு விபத்தின்போது காப்பீடு மறுக்கப்படலாம். ஃபாஸ்டேகில் போதிய இருப்பு வைத்துக்கொள்வதும், அதன் ஆண்டுச் சலுகை தேசிய நெடுஞ்சாலை, தேசிய விரைவுச்சாலைச் சுங்கச்சாவடிகளுக்கு மட்டுமே பொருந்தும் என்பதை நினைவில் கொள்வதும் நல்லது. பின்னிருக்கையில் அமர்பவர்களுக்கும் இருக்கைப் பட்டை கட்டாயம். ஊருக்குள் எப்படியோ, இந்தச் சாலைகளில் குழந்தையை மடியில் வைத்துக்கொள்வதை எவ்வகையிலும் ஏற்க முடியாது. நெடுஞ்சாலை உதவிக்கு 1033, எந்த அவசரத்துக்கும் 112 ஆகிய எண்கள் காரில் உள்ள அனைவருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

ஒவ்வொரு நாளும் எந்த ஊரில் தங்குவது என்பதையும், எத்தனை மணிக்குள் அங்கே சேர்வது என்பதையும் ஒரே தாளில் எழுதி, ஒரு படியைக் கோவை வீட்டில் தந்துவிட்டுப் புறப்படுமாறு பெரியவர்கள் அனைவரின் சார்பிலும் கேட்டுக்கொள்ளப்படுகிறது.

அன்புடன்,
சித்தப்பா