சத்தம் போடும் பழைய கணினி: விசிறியின் வேகத்தைக் குறைப்பதற்கு முன்...

கடையில் கணினி வைத்திருக்கும் வியாபார நண்பர்கள் பலர் என்னிடம் கேட்கும் கேள்வி ஒன்றுண்டு. "கம்பியூட்டர் வேலை செய்கிறது. ஆனால் அரைக்கும் மில் மாதிரிச் சத்தம் போடுகிறது. போனில் விலை சொல்லக் கூட முடியவில்லை. இதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக ஒன்று வாங்குவதா?" என்பதே அந்தக் கேள்வி. பில் அடிப்பதற்கும் சரக்குக் கணக்கு, கடன் கணக்கு வைப்பதற்கும் பழைய கணினி போதுமானது. சத்தத்திற்காக மட்டும் முதலைப் போட வேண்டியதில்லை.

முதலில் சத்தம் ஏன் வருகிறது என்பதை விளங்கிக்கொள்ள வேண்டும். கணினியின் மூளையான புரொசஸர் வேலை செய்யும்போது சூடாகும். அதன் மேல் அலுமினியத் தகடுகளும், அவற்றின் மேல் ஒரு விசிறியும் இருக்கும். பெட்டியின் பின்புறத்தில் ஒரு விசிறியும், மின்சாரம் வழங்கும் பவர் சப்ளையில் இன்னொரு விசிறியும் இருக்கும். சூடு கூடும்போது மதர்போர்ட் அதை அளந்து விசிறியை வேகமாகச் சுழலவிடும். ஆகவே சத்தம் என்பது பெரும்பாலும் சூட்டின் அறிவித்தல். அறிவித்தலை மட்டும் நிறுத்திவிட்டுச் சூட்டை உள்ளே விட்டுவைத்தால் நஷ்டம் நமக்குத்தான்.

எனக்குத் தெரிந்த புடவைக்கடைக்காரர் ஒருவர் விசிறியின் வேகத்தை மட்டும் குறைத்துவிட்டு நிம்மதியாக இருந்தார். பெருநாள் வியாபாரம் சூடுபிடித்த நேரத்தில் பில் அடிக்கத் தாமதமானது. பிறகு கணினி தானாகவே நின்றது. புரொசஸர் அளவுக்கு மீறிச் சூடானால் தன்னைக் காத்துக்கொள்ள முதலில் வேகத்தைக் குறைக்கும், அதற்கும் அடங்காவிட்டால் நின்றுவிடும். திறந்து பார்த்தபோது தகடுகளுக்கிடையில் துணிப்பஞ்சு கம்பளம் போல் படிந்திருந்தது.

எனவே வேலையை ஒழுங்காகச் செய்வோம்.

முதலாவது: கணக்குகள் அனைத்தையும் ஒரு பென்ட்ரைவில் பிரதி எடுத்து வையுங்கள். கணினிப் பெட்டியின் பெறுமதியை விட அதற்குள் இருக்கும் கடன் கணக்கின் பெறுமதி அதிகம்.

இரண்டாவது: தூசு தட்டுதல். கணினியை நிறுத்தி, சுவர் பிளக்கைக் கழற்றி, பவர் பட்டனைச் சில விநாடிகள் அழுத்திவிட்டு, பெட்டியைக் கடைக்கு வெளியே கொண்டுபோய்த் திறவுங்கள். மெல்லிய பிரஷ்ஷினால் விசிறியையும் தகடுகளையும் சுத்தம் செய்யுங்கள். வாயால் ஊதக்கூடாது, எச்சில் ஈரம் படும். புளோவர் பிடிப்பதானால் விசிறி சுழலாதபடி இதழை விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும். பல வருடம் பாவித்த கணினியில் தகட்டிற்கும் புரொசஸருக்கும் இடையிலுள்ள பசை காய்ந்திருக்கலாம். தொழில் தெரிந்தவரிடம் கொடுத்துப் பழையதைத் துடைத்துப் புதிதாகப் போடச் சொல்லுங்கள். பவர் சப்ளைப் பெட்டியை மட்டும் நீங்கள் திறக்க வேண்டாம். பிளக்கைக் கழற்றிய பின்னும் அதற்குள் மின்சாரம் தேங்கி நிற்கும்.

மூன்றாவது: சத்தத்தைக் கவனித்துக் கேளுங்கள். காற்றிரைச்சல் என்றால் வேகத்தைக் குறைத்துச் சரிசெய்யலாம். கரகரப்பும் உரசலும் கேட்டால் விசிறியின் பேரிங் தேய்ந்துவிட்டது. அதை மாற்றத்தான் வேண்டும். பின்புற விசிறி 80 மில்லிமீற்றர் அளவினதாக இருந்து, பெட்டியில் இடமும் இருந்தால் 120 மில்லிமீற்றர் விசிறி பூட்டுவது நல்லது. பெரிய விசிறி மெதுவாகச் சுழன்றே அதே காற்றைத் தரும்.

நான்காவது: இனி வேகத்தைக் குறைக்கலாம். கணினியைப் போட்டவுடன் டெல் அல்லது எப்2 விசையை அழுத்தினால் பயோஸ் திரை வரும். அதில் "ஹாட்வெயார் மொனிட்டர்" அல்லது "பிசி ஹெல்த் ஸ்டேட்டஸ்" என்ற பகுதியில் சூடும் விசிறி வேகமும் தெரியும். கிகாபைட் போர்டுகளில் "ஸ்மார்ட் பேன்", அசுஸ் போர்டுகளில் "கியூ-பேன்" என்று கட்டுப்பாடு இருக்கும். அது நிறுத்தப்பட்டிருந்தால் விசிறி எப்போதும் முழு வேகத்தில்தான் ஓடும். அதை இயக்கிவிட்டாலே பாதிப் பிரச்சினை தீரும். நான்கு வயர் கொண்ட விசிறிக்கு நான்காவது வயர் வழியாக வேகக் கட்டளை போகும். மூன்று வயர் விசிறிக்கு 12 வோல்ட் மின்னழுத்தத்தைக் குறைத்துத்தான் வேகத்தைக் குறைக்க முடியும். அளவுக்கு மீறிக் குறைத்தால் அது சுழலத் தொடங்காமலே நின்றுவிடக்கூடும். கம்பனியில் பூட்டி வந்த சில கணினிகளில் இந்த வசதி இருக்காது.

எவ்வளவு குறைப்பது? விசிறியின் வேகத்தை ஐந்தில் ஒரு பங்கு குறைத்தால் காற்றும் ஐந்தில் ஒரு பங்குதான் குறையும். ஆனால் சத்தம் சுமார் 5 டெசிபல் குறைந்துவிடும். 10 டெசிபல் குறைந்தாலே காதுக்குப் பாதிச் சத்தம் போலிருக்கும். சிறிய குறைப்பிலேயே பெரிய பலன் கிடைப்பதால் பேராசைப்பட்டு அடிமட்டத்திற்குக் கொண்டுபோக வேண்டாம்.

ஐந்தாவது: பரிசோதனை. குளிர் நாட்டவர் எழுதும் குறிப்புகள் 20, 22 பாகை அறைக்கானவை. நமது கடைகளிலோ பகலில் 30 பாகைக்கு மேல் இருக்கும். அந்த வித்தியாசம் அப்படியே புரொசஸரின் சூட்டில் சேரும். ஆகவே காலைக் குளிரில் அல்ல, பகல் இரண்டு மணிக்கு, வியாபாரம் நடக்கும்போது சூட்டைப் பாருங்கள். சாதாரண வேலையில் 60 பாகைக்குள்ளும், கடும் வேலையில் 70 பாகைக்குள்ளும் நின்றால் திருப்தி. 80ஐத் தொட்டால் வேகத்தைத் திரும்பவும் கூட்டிவிடுங்கள். இது நான் கடைப்பிடிக்கும் கணக்கு.

ஒரு விடயத்தையும் சொல்ல வேண்டும். 2004, 2005ஆம் ஆண்டுகளில் வந்த பென்டியம் 4 புரொசஸர்களில் சில 115 வாட் வரை சூட்டை வெளியிடுபவை. 2006இல் வந்த கோர் 2 டுவோ வகையின் ஆரம்ப மாதிரிகள் 65 வாட்தான். பென்டியம் 4ஐ இன்னும் வைத்திருப்பவர்கள் விசிறியோடு போராடுவதில் பயனில்லை. பாவித்த கணினியாக இருந்தாலும் அதற்குப் பிந்திய ஒன்றுக்கு மாறுவதே இலாபம். சத்தமும் குறையும், கரண்ட் பில்லும் குறையும்.

இறுதியாக, கணினியை வைக்கும் இடம். கவுண்டருக்குக் கீழே மூடிய அலுமாரிக்குள் வைத்தால் சூடான காற்றையே அது திரும்பத் திரும்ப இழுக்கும். பின்புறம் நான்கு விரற்கடையாவது இடம் விடுங்கள். மா, மிளகாய்த்தூள் விற்கும் பலசரக்குக் கடையிலும் புடவைக்கடையிலும் தரையில் வைக்காமல் உயர்த்தி வையுங்கள். மூன்று மாதத்துக்கொரு முறை தூசு தட்டுங்கள். சரக்கு இருப்பு எடுக்கும் நாளோடு இதையும் சேர்த்துக்கொண்டால் மறக்காது.