'ஸ்லிப்': ஒரு சொல், பல பொருள்

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. (இயற்பியல்)

எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிப் படி ஏறியவன் நான். பள்ளியில் 'ஸ்லிப்' என்றால் வழுக்குதல் என்று மட்டுமே கற்றிருந்தேன். முதலாண்டில் நூலகத்தில், "ஸ்லிப் எங்கே?" என்று கேட்டதும் தரையைப் பார்த்தேன், அருகிலிருந்தோர் சிரித்தனர். கேட்டது துண்டுச்சீட்டு!

கிரிக்கெட்டில் அது விக்கெட் கீப்பருக்குப் பக்கத்து இடம். தோட்டத்தில், நடுவதற்கு வெட்டிய தண்டு. வாய் தவறி வரும் சொல்லும் அதுவே. தூண்டல் மோட்டாரில் காந்தப்புலம் நிமிடத்திற்கு 1500 சுற்றுச் சுழல, சுழலி 1440 சுற்றே சுழன்றால், அந்தப் பின்தங்கல் 4 சதவீத 'ஸ்லிப்'. அது இல்லையேல் சுழலியில் மின்னோட்டம் தூண்டப்படாது. சுழற்றும் விசையும் பிறக்காது.

அன்று சிரிப்புக்கு அஞ்சி நூலகத்தை விட்டிருந்தால் இதை அறிந்திருப்பேனா? நண்பர்களே, பின்தங்கிவிட்டோமென்று வெட்கப்பட வேண்டாம். மோட்டாரை ஓட்டுவதே அந்தப் பின்தங்கல்தான்.