ஒற்றனும் தூதனும்

கேள்வி: தொடர்கதைகளில் உங்கள் மனதுக்கு மிக நெருக்கமான நட்பு எது?
– வாசகி, திருச்சி

பதில்: வந்தியத்தேவனும் ஆழ்வார்க்கடியானும்தான். இவர்கள் வரும் கல்கியின் 'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரை 'கல்கி' இதழில் வாராவாரம் வந்தது. பலரும் வந்தியத்தேவன் – குந்தவை காதலைத்தான் சொல்வார்கள். எனக்கு இந்த இரண்டு பேரின் வழித்துணைதான் கதைக்கே உயிர்.

கையில் தடியோடு சைவர்களிடம் மல்லுக்கு நிற்கும்போதுதான் ஆழ்வார்க்கடியான் நமக்கு அறிமுகமாகிறான். கடம்பூர் மாளிகைக்குப் போகும் வந்தியத்தேவனிடம் தன்னையும் அழைத்துப் போகச் சொல்கிறான். வந்தியத்தேவன் நைசாகக் கழற்றிவிடுகிறான். அன்று நள்ளிரவில் பார்த்தால், மதில்மேல் அதே தலை!

ஆழ்வார்க்கடியான் முதன்மந்திரி அநிருத்தரின் ஒற்றன். வந்தியத்தேவன் சோழ இளவரசன் ஆதித்த கரிகாலனின் தூதன். இருவர் மடியிலும் ரகசியம், எப்படி முழுசாக நம்புவது? இலங்கைக் காட்டில் கரிகாலனின் தம்பி அருள்மொழிவர்மனைத் தேடிச் சேர்ந்து நடக்கும்போதும் வாய்ச்சண்டை ஓயவில்லை. 'தம்பி' என்று அவன் சீண்ட, 'வைஷ்ணவரே' என்று இவன் திருப்பிக் கொடுக்க, அந்தச் சந்தேகத்துக்குள்ளேயே பாசம் வளர்கிறது. கல்கி அதை அதிகம் விளக்கிச் சொல்லாதது பெரிய அழகு.

மணிரத்னம் படத்தில் கார்த்தியும் ஜெயராமும் அந்தச் சீண்டலை நன்றாகவே பிடித்திருந்தார்கள். இருந்தாலும் புத்தகத்தின் இரண்டாம் பாகத்தில் வரும் இலங்கை அத்தியாயங்களை ஒருமுறை படியுங்கள்.