கூஸ் கவுன்டியில் நிலம் பார்ப்பவர்களுக்கு

அமெரிக்காவில் 'ப்ரெப்பர்' என்று ஒரு வகையினர் உண்டு. பேரிடர் வந்தால் வெளி உதவி வந்து சேரும்வரை தாக்குப்பிடிக்க உணவு, தண்ணீர், மருந்து எல்லாம் சேர்த்து வைப்பவர்கள். கொஞ்சம் நிலம் வாங்கி, தோட்டம், கோழி, ஆடு என்று தன் கையால் விளைவித்து வாழ நினைக்கும் 'ஹோம்ஸ்டெட்' குடும்பங்கள் வேறு. நானும் என் மனைவியும் இரண்டாவது வகை. ஆரிகனின் போர்ட்லாந்து நகரில் பல ஆண்டுகள் இருந்ததில் முதல் வகையினரின் கவலையும் எங்களோடு சேர்ந்துகொண்டது. ஆரிகன் மாநிலத்தின் தென்மேற்குக் கடலோரத்தில் இருக்கும் கூஸ் கவுன்டியில் நிலம் பார்த்து அலைந்தபோது நாங்கள் தெரிந்துகொண்டதை இங்கே சொல்கிறேன்.

முதல் பார்வையில் அந்த இடம் மயக்கும். ஆண்டுக்குச் சுமார் 60 அங்குல மழை, கடுங்குளிரும் இல்லை, கொளுத்தும் வெயிலும் இல்லை. 2020 கணக்கெடுப்புப்படி மொத்த மக்கள்தொகையே 65,000-ஐ எட்டவில்லை. கிழக்கே மலைத்தொடர் நிற்பதால் பெருநகரக் கூட்டம் எளிதில் வந்து சேராது. ப்ரெப்பர்கள் இதைத்தான் பெரிய பலமாகச் சொல்வார்கள். நான் இதை ஏற்கவில்லை. இங்கே ஒதுக்குப்புறமாக இருப்பதுதான் முதல் ஆபத்து.

காரணம் கடலுக்கடியில் இருக்கிறது. வடக்கு கலிஃபோர்னியாவிலிருந்து கனடாவின் வான்கூவர் தீவு வரை, சுமார் 1,000 கிலோமீட்டர் நீளத்துக்குக் கஸ்கேடியா என்ற பிளவு ஓடுகிறது. 2004 டிசம்பரில் சுமத்ராவுக்கு அருகே பிளந்ததும் இதே வகையைச் சேர்ந்ததுதான். கஸ்கேடியா கடைசியாக முழு நீளத்துக்கும் பிளந்தது 1700 ஜனவரி 26 அன்று. அதில் எழுந்த சுனாமி அலை ஜப்பான் கரையை மோதியதை அங்குள்ளவர்கள் எழுதி வைத்திருந்தார்கள். நாள் தெரிந்தது அதனால்தான். கடலடி மண்படிவுகளை ஆராய்ந்தவர்கள், கடந்த 10,000 ஆண்டுகளில் இந்தத் தென்பகுதியில் 40-க்கும் மேற்பட்ட பெரிய நிலநடுக்கங்கள் நடந்திருப்பதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள்.

2004-இல் நாகப்பட்டினத்துக்கு அலை வந்து சேர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. அங்கே பலருக்கு நிலம் ஆடியதே தெரியாது. கூஸ் கடற்கரையில் நிலைமை நேர்மாறு. நிலம் சில நிமிடங்கள் விடாமல் ஆடும். அது தொடங்கிய 15, 20 நிமிடத்திலேயே அலை வந்துவிடலாம். அந்த ஆட்டம்தான் எச்சரிக்கை. சங்கு ஊதும், கைபேசியில் செய்தி வரும் என்று காத்திருக்க நேரமில்லை. அதனால் எந்த மனையைப் பார்த்தாலும், வீட்டு வாசலிலிருந்து மேட்டுக்கு நடந்தே போய்ப் பாருங்கள். வயதானவரோ குழந்தையோ உடன் இருந்தால் அவர்கள் வேகத்துக்கு நடந்து பாருங்கள். மாநில நிலவியல் துறை சுனாமி வரைபடங்களை இலவசமாகத் தருகிறது. அதில் மிக மோசமான நிலைக்குப் போட்ட கோட்டையே நாங்கள் எல்லையாக எடுத்துக்கொண்டோம்.

அலைக்குத் தப்பிய பிறகுதான் நீண்ட சோதனை. 2013-இல் ஆரிகன் அரசுக்காகத் தயாரான மீள்திறன் திட்ட அறிக்கையைப் படித்தபோது எனக்கு வயிற்றைப் பிசைந்தது. கடலோரத்தில் மின்சாரம் திரும்ப மூன்று முதல் ஆறு மாதம். குடிநீரும் கழிவுநீர் வசதியும் திரும்ப ஒன்று முதல் மூன்று ஆண்டு. இங்கிருந்து வெளியே போக முக்கியமான வழி கடலோரமாகப் போகும் 101-ஆம் நெடுஞ்சாலையும், மலையைக் கடந்து ரோஸ்பர்க் போகும் 42-ஆம் எண் சாலையும். முன்னது நார்த் பெண்டில் விரிகுடாவை 1936-இல் கட்டிய பாலத்தின் மேல் கடக்கிறது. பின்னதில் மழைக்காலத்தில் மண் சரிவது சாதாரணம். ஆகவே பாலங்கள் இல்லாத வரைபடம் ஒன்றை நீங்களே வரைந்து பாருங்கள். லேக்சைடு பக்கம் அழகான மனைகள் உண்டு, ஆனால் கூஸ் பே மருத்துவமனைக்கும் உங்களுக்கும் நடுவில் அந்த விரிகுடா இருக்கும். மாநில அரசு இரண்டு வாரத்துக்கு வேண்டியதைச் சேர்த்து வைக்கச் சொல்கிறது. கடலோரத்துக்கு அது தொடக்கம் மட்டுமே.

சரி, எங்கே வாங்குவது? கோக்கீல் ஆற்றின் தாழ்நிலம் பச்சைப்பசேல் என்றிருக்கும், விலையும் ஆசைகாட்டும். அதில் பெரும்பகுதி குளிர்காலத்தில் வெள்ளத்தில் கிடக்கும். பெரிய நிலநடுக்கத்தில் கரையோரமே சில அடி தாழ்ந்துவிடக்கூடும். அப்புறம் அங்கே கடல்நீர் வந்து போகும். செங்குத்துச் சரிவில் வாங்கினால் மண்சரிவு. பாண்டன் பக்கத்துக் கடலோர மேட்டில் மண் அமிலத்தன்மை மிக்கது, கிரான்பெரிக்குத் தோது, காய்கறிக்குச் சுண்ணாம்பு போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். அங்கே கோர்ஸ் என்ற முட்புதரும் உண்டு. அயர்லாந்திலிருந்து வந்த குடியேறி ஒருவர் கொண்டுவந்தது, எண்ணெய்ப்பசை மிகுந்தது. 1936 செப்டம்பரில் அது பற்றி எரிந்து பாண்டன் ஊரே சாம்பலானது. மனையில் அந்த மஞ்சள் பூவைக் கண்டால் நான் நிற்கமாட்டேன். கடைசியில் எங்களுக்குப் பிடித்தது மர்ட்டில் பாயிண்ட் சுற்றுப்புறம். கடலிலிருந்து உள்ளே தள்ளி, வெள்ளக்கோட்டுக்கு மேல், சரிவுக்குக் கீழ் என்று மெல்லிய பட்டையாகக் கிடக்கும் நிலம்.

தண்ணீரைப் பற்றி ஒரு முக்கியமான விஷயம். ஆரிகனில் ஓடைநீர் பொதுச்சொத்து. நிலத்தின் ஊடே ஓடுகிறது என்பதற்காக எடுத்துப் பாய்ச்ச முடியாது, நீர் உரிமை வேண்டும். கிணற்றிலிருந்து வீட்டுத் தேவைக்கு நாளுக்கு 15,000 காலன் வரையும், அரை ஏக்கர் வீட்டுத் தோட்டத்துக்கும் அனுமதி இல்லாமல் எடுக்கலாம். ஆனால் மின்மோட்டார் கிணறு மின்சாரம் இல்லாதபோது வெறும் ஓட்டை. கைப்பம்பு போட ஏற்ற ஆழத்தில் நீர்மட்டம் நிற்கிறதா என்று கிணற்றுப் பதிவேட்டில் பாருங்கள். குளிர்காலத்தில் வானம் மூடியே கிடப்பதால் சோலார் பலகையை மட்டும் நம்பவும் கூடாது.

உருளை, முட்டைக்கோஸ், பட்டாணி, பூண்டு எல்லாம் தாராளமாக விளையும். தக்காளிக்கே பசுமைக்குடில் வேண்டும். கத்தரி, மிளகாயைச் சொல்லவே வேண்டாம். ஈரப்பதத்தில் அரிசியும் பருப்பும் பூசணம் பிடிக்கும், காற்றுப் புகாத டப்பாக்கள் இல்லாமல் சேமிப்பே இல்லை. சார்ல்ஸ்டனில் தோண்டியெடுக்கும் மட்டியைப் பலர் அவசர உணவாகக் கணக்கில் வைக்கிறார்கள். நான் வைக்கமாட்டேன். பாசியிலிருந்து மட்டியில் சேரும் நஞ்சு வேகவைத்தாலும் போகாது. அரசு சோதித்துச் சொல்வதால்தான் இப்போது பயமில்லாமல் சாப்பிடுகிறோம். சோதனைக்கூடமும் நின்று, சாக்கடையும் விரிகுடாவில் கலக்கும் நாளில் யார் சொல்வார்கள்?

நிலத்தின் விலையைவிட அதன் வகைப்பாடு முக்கியம். 1973-இல் வந்த நிலப்பயன்பாட்டுச் சட்டத்தின் கீழ் விவசாய, வன மண்டலங்களில் நினைத்தபடி வீடு கட்ட முடியாது. இருபது ஏக்கர் வாங்கியும் கூடாரம்கூட நிரந்தரமாகப் போட முடியாமல் போகலாம். அதனால் கவுன்டி திட்ட அலுவலகத்தில், அந்த மனையின் வரி எண்ணைக் கொடுத்து, வீடு கட்டலாமா என்பதை எழுத்தில் வாங்குங்கள். செப்டிக் தொட்டிக்கு மண் ஏற்றதா என்ற ஆய்வு, கிணற்று நீர்ச்சோதனை, இந்த மூன்றும் சாதகமாக வந்தால்தான் வாங்குவோம் என்று ஒப்பந்தத்திலேயே நிபந்தனை போடுங்கள். நாங்கள் இப்போது அப்படித்தான் ஒரு மனைக்கு முன்பணம் கட்டிவிட்டு, மண் ஆய்வு முடிவுக்குக் காத்திருக்கிறோம். அந்தச் சாலையில் இருக்கும் மற்ற வீட்டுக்காரர்களிடம் யாரிடம் டிராக்டர் உண்டு, யார் செவிலியர், யாரிடம் ஹாம் ரேடியோ இருக்கிறது என்று கேட்டு வைத்துவிட்டோம்.