அசோக்குமாரின் பூர்வீகம்

கேள்வி: ‘குசேலன்’ படத்தில் வரும் நடிகர் அசோக்குமார், ரஜினியேதானா? கற்பனைப் பாத்திரமா? ஷிப்ட் பஸ்ஸில் தினமும் தகராறு. நாச்சிகுப்பம் பக்கத்து ஆட்கள் சிலர் இருக்கிறார்கள், விடமாட்டேன் என்கிறார்கள்.
– சிப்காட் தொழிலாளி, ஓசூர்

பதில்: எப்படி விடுவார்கள்? வேப்பனப்பள்ளி பக்கத்திலுள்ள அந்தக் கிராமம்தானே ரஜினி குடும்பத்தின் பூர்வீகம்! ஆனால் அசோக்குமாரின் பூர்வீகம் கேரளம். ஸ்ரீனிவாசன் எழுதி 2007-ல் வந்த ‘கத பறயும்போள்’ படத்தில் அவர் பெயர் அசோக் ராஜ், நடித்தவர் மம்மூட்டி. கிராமத்தில் சலூன் வைத்துக் கஷ்டப்படும் ஒருவர். ஷூட்டிங்குக்காக அந்த ஊருக்கு வரும் சூப்பர் ஸ்டார் அவருடைய பழைய சிநேகிதன். கதை அவ்வளவுதான். தமிழில் அசோக் ராஜ், அசோக்குமார் ஆனார், சலூன்காரராகப் பசுபதி. இந்தி ‘பில்லு’வில் (2009) ஷாருக் கான், சாஹிர் கான் என்ற பெயரில் வந்தார்.

ஸ்ரீனிவாசனின் சாமர்த்தியத்தைப் பாருங்கள். ஒரு நடிகருக்கு ஊரே பைத்தியமாக இருக்கிறது என்று நம்பவைக்க நாலைந்து காட்சிகளாவது எழுத வேண்டும். நிஜ நட்சத்திரத்தையே கூட்டிவந்து பெயரை மட்டும் மாற்றிவிட்டால் அந்த வேலை மிச்சம். அசோக்குமார் காரைவிட்டு இறங்கினாலே போதும், அவர் யாரென்று யாருக்கும் சொல்ல வேண்டாம். பெயர் வேறு என்பதால், நிஜ ரஜினிக்கு இல்லாத ஒரு பால்ய சிநேகிதனையும் அவருக்குக் கொடுத்துவிடலாம்.

ஆனால் புகழைக் கடன் வாங்கினால் வம்பும் சேர்ந்துதான் வரும். 2008 ஏப்ரல் 4 அன்று, ஒகேனக்கல் குடிநீர்த் திட்டத்துக்காகத் திரையுலகத்தினர் சேப்பாக்கத்தில் உண்ணாவிரதம் இருந்தார்கள். ரஜினி அங்கே பேசிய பேச்சு கர்நாடகத்தில் கொதிப்பைக் கிளப்பியது. அந்தத் தண்ணீர் யாருக்கு? போர்வெல்லில் புளோரைடு கலந்த தண்ணீரைக் குடித்துப் பல்லில் கறையேறிய தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்கு, உங்கள் ஓசூருக்கும் சேர்த்துத்தான். ஆகஸ்ட் 1 அன்று ‘குசேலன்’ ரிலீஸ். அத்திப்பள்ளிக்கு அந்தப் பக்கம் படத்தைத் திரையிட விடமாட்டோம் என்று கன்னட அமைப்புகள் நின்றன. ரஜினி வருத்தம் தெரிவித்த பிறகுதான் அங்கே படப்பெட்டி போனது. ஏன் வருத்தம் தெரிவித்தார் என்று இந்தப் பக்கம் வசை. இத்தனைக்கும் அசோக்குமார் ஒகேனக்கல் பற்றி வாயே திறக்கவில்லை!

படத்துக்குள்ளும் இதே கதிதான். அரசியல் வசனங்களைப் பற்றி ஒருவர் அசோக்குமாரிடம் கேட்க, அதெல்லாம் வசனகர்த்தா எழுதிக் கொடுத்தது என்கிற தினுசில் பதில் வரும். கோபித்துக்கொண்டவர்கள் ரஜினி ரசிகர்கள். பிறகு அந்தக் காட்சியில் கத்தரி விழுந்தது. ஆகவே பஸ்ஸில் சொல்லிவிடுங்கள்: எழுதியபோது கற்பனை, ரிலீஸான பிறகு ரஜினி.

கேள்வி: சினிமாவுக்கு வெளியே, இலக்கியத்தில் இப்படி உண்டா?
– ஆசிரியை, கிருஷ்ணகிரி

பதில்: ஜெயகாந்தனின் ‘சினிமாவுக்குப் போன சித்தாளு’ படித்திருப்பீர்களே, எழுபதுகளின் தொடக்கத்தில் வந்தது. எம்.ஜி.ஆர். என்ற பெயரே கிடையாது. யாரைச் சொல்கிறார் என்று புரியாதவரும் கிடையாது. ‘இருவர்’ (1997) படத்தில் மணிரத்னம் அதே எம்.ஜி.ஆரை ஆனந்தன் ஆக்கி, மோகன்லாலிடம் கொடுத்தார். மோகன்லால் அற்புதம்தான், மறுக்கவில்லை. இருந்தாலும் என் ஓட்டு ஜெயகாந்தனுக்கே. ஒரு நடிகர், கூலிவேலை செய்யும் பெண்ணின் மண்டைக்குள் எந்த அளவுக்குக் குடியேறியிருக்கிறார் என்பதுதான் அவருடைய கவலை. அதற்கு நடிகர் நேரில் வர வேண்டிய அவசியமே இல்லை.

கேள்வி: தலைகீழாக, பாத்திரத்திலிருந்து நடிகர் வந்ததுண்டா?
– வாசகர், சூளகிரி

பதில்: ரஜினிகாந்த்தான்! சிவாஜி ராவ் என்ற பெயரை அப்படியே விட்டால் சிவாஜி கணேசனோடு குழப்பம் வரும். பாலச்சந்தர் புதுப் பெயருக்கு வெளியே எங்கும் போகவில்லை. தன்னுடைய ‘மேஜர் சந்திரகாந்த்’ (1966) படத்தில் ஏவி.எம். ராஜன் நடித்த பாத்திரத்தின் பெயரை எடுத்துச் சூட்டினார். 1975-ல் ‘அபூர்வ ராகங்கள்’ வந்தது. பிற்பாடு ‘குசேலன்’ படத்தைத் தயாரித்ததிலும் பாலச்சந்தரின் கவிதாலயாவுக்குப் பங்குண்டு. போதாததற்கு, அதே 1966 படத்தில் பார்வையற்ற மேஜராக நடித்த சுந்தரராஜனுக்கும் ‘மேஜர்’ கடைசிவரை ஒட்டிக்கொண்டது. பட்டாளத்துக்கே போகாத மேஜர்!