பழைய விளையாட்டுக் கணினிக்குப் பாகம் வாங்குவது எப்படி?



இந்த வருடத் துறைக் கண்காட்சியில் ஒரு மூலையில், பழுப்பேறிய வெள்ளை கேபினெட்டில் 'பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியா' ஓடிக்கொண்டிருந்ததைப் பார்த்திருப்பீர்கள். பக்கத்தில் கருகிப்போன ஒரு மதர்போர்டும் இருந்தது. இரண்டுமே என்னுடையவைதான். அந்தக் கருகிய போர்டுக்கு நான் கொடுத்த விலை, அம்மா சீட்டு எடுத்துக் கொடுத்த பணம். உங்கள் பணமும் அப்படிப் போகக்கூடாது என்பதற்காகவே இந்தக் கட்டுரை. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒன்று. விளையாட மட்டும் ஆசை என்றால் எந்தப் பாகமும் வாங்க வேண்டாம். 2002-ல் வந்த 'டாஸ்பாக்ஸ்' என்ற இலவச மென்பொருளை லேப்டாப்பில் போட்டாலே பழைய டாஸ் விளையாட்டுகள் பெரும்பாலும் ஓடும். கழற்றி மாட்டிக் கற்றுக்கொள்ள வேண்டும் என்கிறவர்கள் மேலே படியுங்கள்.

1. முதலில் விளையாட்டு, பிறகுதான் பாகம்

நான் செய்த முதல் தப்பு, எது மலிவாகக் கிடைத்ததோ அதை வாங்கியது. என் அப்பா கொத்தனார். அவர் பிறகு கேட்டார், "பிளானே இல்லாம செங்கல் வாங்கிட்டு வந்தியாடா?" என்று. சரியான கேள்வி.

எந்த வருடத்து விளையாட்டு என்பதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். 'பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியா' (டாஸில் 1990), 'டூம்' (1993) போன்றவை டாஸ் காலம். 'ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ்' (1997), 'ஹாஃப் லைஃப்' (1998) போன்றவை விண்டோஸ் காலம். இரண்டு காலமும் ஒரே பெட்டியில் வேண்டும் என்றால் பென்டியம் 2 அல்லது 3, விண்டோஸ் 98, குறைந்தது ஒரு ஐ.எஸ்.ஏ. ஸ்லாட் உள்ள போர்டு. இதுதான் நடுவழி.

வேகம் கூடினால் நல்லது என்று நினைக்காதீர்கள். சில பழைய விளையாட்டுகள் வேகமான பிராசஸரில் கண்மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும். டர்போ பாஸ்கலில் எழுதிய பல புரோகிராம்கள் சுமார் 200 மெகாஹெர்ட்ஸுக்கு மேல் போனால் 'ரன்டைம் எரர் 200' என்று நின்றுவிடும். பயாஸில் கேஷ் மெமரியை அணைத்தால் மெஷின் நன்றாக மெதுவாகும். விளையாட்டின் வேகம் அதிகம் என்றால் அந்த வழியைப் பாருங்கள்.

2. போர்டும் டிஸ்ப்ளே கார்டும் — நான் கருக்கிய இடம்

ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரு பழைய சாமான் கடையில் பென்டியம் 4 போர்டு ஒன்றும் ஏ.ஜி.பி. டிஸ்ப்ளே கார்டு ஒன்றும் வாங்கினேன். இரண்டும் சேர்ந்து 1,500 ரூபாய். "இது இதுக்குச் சேருமாண்ணே?" என்று கேட்டேன். "உள்ள போகும் தம்பி" என்றார் கடைக்காரர். அவர் சொன்னது பொய்யில்லை. உள்ளே போனது. சுவிட்ச் போட்ட சில நொடியில் கருகல் வாடை வந்தது.

காரணம் இதுதான். ஏ.ஜி.பி. எல்லாம் ஒரே வோல்டேஜ் இல்லை. ஆரம்பத்தில் வந்தவை 3.3 வோல்ட். பிறகு 4எக்ஸ் வேகத்துக்கு 1.5 வோல்ட்டும், 8எக்ஸ் வேகத்துக்கு 0.8 வோல்ட்டும் வந்தன. மாறி மாட்டாமல் இருக்கத்தான் கார்டின் அடியில் வெட்டு வைத்திருக்கிறார்கள். கேபினெட்டில் திருகும் தகட்டுக்குப் பக்கத்தில் வெட்டு இருந்தால் அது 3.3 வோல்ட் கார்டு. தகட்டிலிருந்து தள்ளி இருந்தால் 1.5 வோல்ட். இரண்டு வெட்டும் இருந்தால் இரண்டிலும் வேலை செய்யும் என்பது விதி.

ஆனால் சில பழைய கார்டுகளில் இரண்டு வெட்டும் இருக்கும், உள்ளே 3.3 வோல்ட் மட்டும்தான். என் கையில் வந்தது அந்த ரகம். போர்டோ 1.5 வோல்ட் மட்டும் தாங்கக்கூடியது. ஆகவே வெட்டை மட்டும் நம்பாதீர்கள். சிப்பின் பெயரைப் படித்து, அது எத்தனை எக்ஸ் வரை போகும் என்று தெரிந்துகொண்டு காசு கொடுங்கள். உள்ளே போவது வேறு, ஒத்துப்போவது வேறு.

இரண்டாம் முறை வாங்கியது இன்டெல் 440பி.எக்ஸ். சிப்செட் போர்டு. 1998-ல் வந்தது. 100 மெகாஹெர்ட்ஸ் பஸ், ஏ.ஜி.பி. 2எக்ஸ், கூடவே ஐ.எஸ்.ஏ. ஸ்லாட்டும் உண்டு. அதில் பென்டியம் 3, 600 மெகாஹெர்ட்ஸ். டிஸ்ப்ளேக்கு ஜிஃபோர்ஸ்2 எம்எக்ஸ் (2000). 3.3, 1.5 இரண்டையும் உண்மையாகவே தாங்குகிற கார்டு இது. 'வூடூ' கார்டு வேண்டும் என்று சிலர் சொல்வார்கள். 1996-ல் அதைக் கொண்டுவந்த 3டி.எஃப்.எக்ஸ். கம்பெனியின் சொத்துகள் 2000 டிசம்பரில் என்விடியாவுக்கு விற்கப்பட்டன. இன்று அந்தக் கார்டைத் தேடிச் சேர்ப்பவர்கள் அதிகம், விலையும் நம் கைக்கு எட்டாது.

3. எஸ்.எம்.பி.எஸ்.

புது எஸ்.எம்.பி.எஸ். 500 வாட் என்று போட்டிருந்தாலும் அதன் பலம் பெரும்பாலும் 12 வோல்ட் லைனில்தான். பென்டியம் 3 காலத்துப் போர்டுகள் பிராசஸருக்கான கரண்ட்டைப் பொதுவாக 5 வோல்ட் லைனிலிருந்து எடுக்கும். எனவே வாட்டைப் பார்க்காமல், ஸ்டிக்கரில் 5 வோல்ட்டுக்கு நேரே எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். நான் 20 ஆம்பியருக்கு மேல் இருந்ததை எடுத்தேன். இன்னும் பழைய ஏ.டி. வகை போர்டு என்றால் மின்சாரத்துக்கு இரண்டு தனித்தனி கனெக்டர் வரும். கருப்பு வயர்கள் இரண்டு பக்கமும் நடுவில் சேர்ந்து வரும்படி மாட்ட வேண்டும். மாற்றி மாட்டினால் போர்டு போச்சு. எஸ்.எம்.பி.எஸ்.ஐத் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெப்பாசிட்டரில் சார்ஜ் நிற்கும்.

4. ராமும் டிஸ்க்கும்

256 எம்.பி. ராம் தாராளம். 512 எம்.பி.க்கு மேல் போனால் விண்டோஸ் 98 தகராறு செய்யும். 440பி.எக்ஸ். போர்டில் 256 எம்.பி. ஸ்டிக் ஒன்றைப் போடுவதாக இருந்தால் அதில் 16 சிப் இருக்கிறதா என்று எண்ணிப் பாருங்கள். 8 சிப் உள்ளதைப் போட்டால் பாதிதான் காட்டும். நான் 128 எம்.பி. ஸ்டிக் இரண்டு போட்டேன்.

பழைய ஹார்ட் டிஸ்க் எப்போது நிற்கும் என்று சொல்ல முடியாது. அதற்குப் பதில் காம்பாக்ட் ஃப்ளாஷ் கார்டை ஒரு சின்ன அடாப்டரில் செருகி ஐ.டி.இ. கேபிளில் மாட்டலாம். சத்தம் கிடையாது. 8 ஜி.பி. கார்டே போதும். பெரிதாக வாங்கினால் பழைய பயாஸுகள் 8.4 ஜி.பி.யிலோ 32 ஜி.பி. அருகிலோ திணறும். விண்டோஸ் 98-க்கு 2006-லேயே பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுவிட்டதால் இந்த மெஷினை இன்டர்நெட்டில் இணைக்க வேண்டாம்.

5. சவுண்ட் கார்டு

டாஸ் விளையாட்டுக்கு ஐ.எஸ்.ஏ. கார்டுதான் தலைவலி இல்லாதது. நான் போட்டது சவுண்ட் பிளாஸ்டர் 16. விளையாட்டின் செட்டப்பில் போர்ட் 220, ஐ.ஆர்.க்யூ. 5, டி.எம்.ஏ. 1 என்று கொடுத்ததும் சத்தம் வந்தது.

இங்கே ஒரு செய்தி. சவுண்ட் பிளாஸ்டரைக் கொண்டுவந்த சிங்கப்பூரின் சிம் வோங் ஹூ நம்மைப் போல் டிப்ளமோ படித்தவர். இன்று நீ ஆன் பாலிடெக்னிக் என்று அழைக்கப்படும் கல்லூரியில் 1975-ல் மின், மின்னணுவியல் படித்து முடித்தார். 1981-ல் ஒரு சின்னக் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடையாகத் தொடங்கியதுதான் கிரியேட்டிவ் நிறுவனம். 1989-ல் சவுண்ட் பிளாஸ்டர் வந்தது. அவர் 2023 ஜனவரியில் காலமானார். "டிப்ளமோதானே" என்று யாராவது இழுத்தால் இவரை நினைத்துக்கொள்ளுங்கள்.

6. கடையில் நிற்கும்போது பார்க்க வேண்டியவை

அ) கெப்பாசிட்டரின் தலை தட்டையாக இருக்க வேண்டும். உப்பியிருந்தாலோ கசிந்திருந்தாலோ வேண்டாம். 2000-ஐ ஒட்டிய வருடங்களில் வந்த போர்டுகளில் இது அதிகம்.

ஆ) 486 போர்டுகளில் பீப்பாய் மாதிரி பேட்டரி இருந்தால் சுற்றிலும் பச்சை பூத்திருக்கிறதா என்று பாருங்கள். அந்தக் கசிவு போர்டின் லைன்களைத் தின்றுவிடும்.

இ) போர்டு, பிராசஸர், ராம் மூன்றையும் மாட்டி டிஸ்ப்ளே வரவைத்துக் காட்டச் சொல்லுங்கள். காட்ட மாட்டேன் என்றால் நகர்ந்துவிடுங்கள்.

ஈ) "உள்ள போகுமா" என்று கேட்காதீர்கள். "எத்தனை வோல்ட், எத்தனை எக்ஸ்" என்று கேளுங்கள்.

முடிவாக

போர்டு கருகியதை ஒன்பது நாள் வீட்டில் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் முதலில் காலேஜுக்கு வந்தவன் நான். ஏ.ஜி.பி. என்றால் என்ன என்று கேட்க வீட்டில் ஆள் இல்லை. சீனியர்களிடம் கேட்டால் 'இதுகூடத் தெரியாதா' என்பார்களோ என்ற வெட்கம். லேபில் சாரிடமும் கேட்கவில்லை. ஒரு கேள்வி கேட்டிருந்தால் 1,500 ரூபாய் மிஞ்சியிருக்கும்.

பத்தாம் நாள் அப்பாவிடம் சொன்னேன். திட்டுவார் என்றுதான் நினைத்தேன். போர்டை வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். "தெரியலைன்னா நான் இன்னிக்கும் மேஸ்திரியக் கேட்டுட்டுதான் கல்லு வைக்கிறேன். நீ ஏன்டா கேக்கல?" என்றார். பதில் சொல்ல முடியவில்லை. அம்மா மட்டும், "அடுத்த தடவை யாரையாச்சும் கூட்டிட்டுப் போ" என்றாள். மறுநாளே ஒரு சீனியர் அண்ணனிடம் போய்க் கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை கூடவே கடைக்கு வந்தார். இரண்டாவது போர்டு அவர் பார்த்து எடுத்தது.

கண்காட்சியில் ஓடின மெஷினைவிடக் கருகின போர்டின் முன்னால்தான் கூட்டம் அதிகம். முதலாம் ஆண்டுத் தம்பி ஒருவன், "அண்ணா, என்கிட்டயும் ஒரு கார்டு இருக்கு, எத்தனை வோல்ட்னு எப்படிப் பாக்கறது?" என்று மெதுவாகக் கேட்டான். தகட்டுப் பக்கம் இருந்த வெட்டைக் காட்டினேன். சிப் பெயரையும் படிக்கச் சொன்னேன்.

அந்தப் போர்டு இப்போதும் ஹார்டுவேர் லேபின் ஜன்னல் ஓரம் இருக்கிறது. மதிய இடைவேளையில் நானும் அங்கேதான் இருப்பேன். பாகம் வாங்கப் போகும் முன் வந்து கேளுங்கள்.